கல் பட்ட கண்ணாடி... கையா, கடையா?

திண்டிவனத்துல ஒரு டீயைப் போட்டுட்டு பாண்டிச்சேரி ரோட்டுல திரும்புறீங்க. சனிக்கிழமை காலை. கார் அப்பாவோடது, பெட்ரோல் நண்பர்களோடது. முன்னாடி ஒரு ஜல்லி லாரி போயிட்டு இருக்கு. மேல போட்டிருக்கிற தார்ப்பாய் சும்மா பேருக்குப் பறக்குது. ஓவர்டேக் பண்ணலாமா, வேணாமானு யோசிக்கிற அந்த ரெண்டு செகண்டுல...

‘டிக்!’

அவ்ளோதான். முன் கண்ணாடியில மிளகு சைஸுக்கு ஒரு நட்சத்திரம். ‘அப்பாடா, சின்னதுதான் மச்சி’னு நிம்மதியா பீச்சுக்குப் போய் ஆட்டம் போட்டு, மத்தியானம் சாப்பிட்டுட்டுத் திரும்பி வர்றீங்க. வெயில்ல வெந்துட்டு நின்ன கார்ல ஏறினதும் முதல் வேலையா ஏ.சி-யை ஃபுல்லா வைக்கிறீங்க. கண்ணெதிரிலேயே அந்த நட்சத்திரத்துல இருந்து ஒரு கோடு கிளம்புது. ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா, இன்னும் ஒரு சாண். செங்கல்பட்டு வர்றதுக்குள்ள இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் காவிரி ஆத்து மேப்!

இப்போ காருக்குள்ள அவசரக் கூட்டம். பின் சீட்டுல இருக்கிற மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் கம்பீரமா எந்திரிக்கும். “அப்பாகிட்ட ஏன்டா சொல்லணும்? யூடியூப்ல பாத்து நாமளே மாத்திரலாம். நாலு பேர் இருக்கோம்ல!”

இதே வசனத்தை நானும் காலேஜ் நாட்கள்ல கேட்டிருக்கேன் பாஸ். கேட்டதோட இல்லாம, “சூப்பர்டா”னு கை தட்டி வரவேற்றவன் நான். அதுக்கு அப்புறம் வாங்கின பல்பு இருக்கே... சொல்றேன்.

எனக்கு அவ்வளவு தைரியம் வந்ததுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் காரணம் உண்டு. ஊர்ல பெரிய மாமா ஒரு அம்பாஸடர் வெச்சிருந்தார். தென்னை மட்டை விழுந்து முன் கண்ணாடி காலி. டவுனுக்குக் கொண்டுபோக சோம்பேறித்தனம். பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். கூடமாட ஒத்தாசைக்கு நான்.

அந்தக் காலத்து வண்டிகள்ல கண்ணாடியை ஒட்டியிருக்க மாட்டாங்க. தடியான ரப்பர் பீடிங்குல செருகியிருப்பாங்க. அம்பாஸடர், பத்மினி, ஆம்னி எல்லாம் இந்த ஜாதி. பீடிங்குல ரெண்டு பள்ளம் இருக்கும். ஒரு பள்ளம் கண்ணாடியைக் கவ்வும். இன்னொண்ணு பாடியோட தகர விளிம்பைக் கவ்வும். அந்த மெக்கானிக் என்ன பண்ணார் தெரியுமா? புதுக் கண்ணாடிக்கு ரப்பரை மாட்டினார். தகரம் உக்கார வேண்டிய பள்ளத்துல சுத்திவர ஒரு நைலான் கயித்தைத் திணிச்சு, ரெண்டு முனையையும் கீழ்ப்பக்கம் ஒண்ணுமேல ஒண்ணா விட்டு காருக்குள்ள தொங்கவிட்டார். சோப்புத் தண்ணியை சுத்தித் தடவினார். “தம்பி, நீ வெளிய நின்னு உள்ளங்கையால அழுத்து”னு சொல்லிட்டு, உள்ளே உக்காந்து கயித்தை மெதுவா இழுத்தார். கயிறு வர வர, ரப்பரோட உதடு தகரத்துக்கு மேல தானா ஏறி உக்காருது! ஜிப் போடுற மாதிரி, சர்ருனு ஒரு சுத்து. காலை டிபனுக்கு ஆரம்பிச்சது, சாப்பாட்டு நேரத்துக்கு முடிஞ்சுபோச்சு. பசை இல்லை, மெஷின் இல்லை. அன்னிக்கு ராத்திரி நான் கண்ணாடி டாக்டராவே தூங்கினேன்.

இந்த வகை கண்ணாடியை இன்னிக்கும் நீங்களே மாத்தலாம். கூட ஒரு ஆள், புது பீடிங், பொறுமை மூணும் இருந்தா போதும். பழைய ரப்பரையே திரும்பப் போட்டு காசு மிச்சம் பிடிக்காதீங்க. வெயில்ல காஞ்சு இறுகின ரப்பர், மழைத் தண்ணியை நேரா உங்க காலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இப்போ ஃப்ளாஷ்பேக் முடிஞ்சு, மெயின் படம்.

வாஷ்பேசின் வைத்தியம்

2018. ரூம்மேட் ஒருத்தனோட வீட்டு ஹேட்ச்பேக். செகண்ட் ஹேண்டா வாங்கின வண்டி. கண்ணாடியில விரிசல். வீட்டுக்குத் தெரியக் கூடாது. கிளாஸ் கடையில சொன்ன தொகையை நாலு பேரோட மெஸ் பில்லோட ஒப்பிட்டுப் பார்த்தோம். மெஸ் பில் தோத்துப்போச்சு. “அம்பாஸடரையே மாத்தினவன்டா நான்”னு ஆரம்பிச்சேன்.

புதுப்பேட்டையில அலைஞ்சு பழைய கண்ணாடி ஒண்ணு தேத்தினோம். பத்து கிலோவுக்கு மேல கனம். ஷேர் ஆட்டோவுல குறுக்கே நிறுத்தி, ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சுட்டு வந்தோம். ஆட்டோக்காரர், “உடைஞ்சா நான் பொறுப்பில்லப்பா”னு ஒவ்வொரு சிக்னல்லயும் ஞாபகப்படுத்தினார்.

வண்டிக்கிட்ட வந்தாத்தான் தெரியுது... ஜிப்பும் இல்லை, கயிறும் இல்லை. வெளியில மெல்லிசா ஒரு ரப்பர் தெரியுதேனு உரிச்சா, அது வெறும் அலங்காரம். உள்ளே கண்ணாடியை கறுப்புப் பசையால தகரத்தோட ஒட்டியிருக்கு. அசைச்சாக்கூட அசையலை. அப்பவாவது நிறுத்தியிருக்கணும். இரும்புக் கம்பியை ஒரு ஓரத்துல ஓட்டைபோட்டு நுழைச்சு, உள்ளே ஒருத்தன் வெளியே ஒருத்தன்னு ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தோம். சாயங்காலத்துக்குள்ள கண்ணாடி வந்துடுச்சு. கூடவே அங்கங்கே பெயின்ட்டும்.

அடுத்து பசை. ஹார்டுவேர் கடையில கேட்டோம். “சிலிகான் இருக்கு தம்பி, இரும்பு மாதிரி ஒட்டும்.” வாஷ்பேசின் ஓரத்துல பூசுவாங்களே, அதே டியூப். பூசும்போது கோபி மஞ்சூரியன் கடை மாதிரி வினிகர் வாசனை. சுத்திவர பூசி, கண்ணாடியை வெச்சு, மேல செலோடேப் ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டோம். காலையில பார்த்தா, சும்மா சொல்லக் கூடாது, ஷோரூம் வண்டி மாதிரி நின்னுச்சு. ட்ரீட் எல்லாம் முடிஞ்சது.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் டாஷ்போர்டு ஓரத்துல ஒரு சொட்டு. அப்புறம் ஒரு ஓடை. வேற வழியில்லாம, முதல்ல விலை கேட்டுட்டு ஓடிவந்த அதே கிளாஸ் கடைக்கே போய் நின்னோம். கடைக்கார அண்ணன் எதுவும் பேசலை. டிரைவர் சீட்டுல உக்காந்தார். கண்ணாடியோட மேல் மூலையில ஒரே ஒரு உள்ளங்கையை வெச்சு அழுத்தினார். ‘ப்ச்’னு ஒரு சத்தம். மூலை தூக்கிக்கிச்சு. சட்டைப் பையில இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து அந்த இடைவெளியில செருகிக் காட்டினார். நல்லாவே போச்சு.

“இது குழாயடிக்குப் பூசுற பசை தம்பி”ன்னார். அப்புறம் இடது பக்க சீட்டைக் காட்டி, “இங்க யாரு உக்காருவாங்க?”

ரூம்மேட் மெதுவா சொன்னான்: “அம்மா.”

அதுக்கப்புறம் அந்த அண்ணன் ஒரு பத்து நிமிஷம் எங்களுக்கு எடுத்தது, நாலு வருஷத்துல எந்த லெக்சரர் எடுத்ததையும்விட நல்லா ஞாபகம் இருக்கு.

கண்ணாடி இல்லை பாஸ், சுவர்!

நாம விண்ட்ஷீல்டை ஜன்னல்னு நினைச்சுட்டு இருக்கோம். பசையால ஒட்டின வண்டிகள்ல அது ஒரு சுவர். கார் உருண்டா, கூரை நசுங்காம தாங்கிப்பிடிக்கிறதுல முன் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. அடுத்தது, ஏர்பேக். டிரைவர் ஏர்பேக் ஸ்டீயரிங்ல இருந்து நேரா முகத்துக்கு நேரே வரும். பக்கத்து சீட்டு ஏர்பேக் அப்படி இல்லை. பல கார்கள்ல அது டாஷ்போர்டு மேல இருந்து மேல் பக்கமா வெடிச்சுக் கிளம்பி, முன் கண்ணாடியில முதுகு சாய்ச்சுத்தான் ஆளைப் பார்க்கத் திரும்பும். இதெல்லாம் நடக்கிறது, கண் சிமிட்டுற நேரத்துல பாதிக்கும் குறைவான நேரத்துக்குள்ள. சாயப்போன சுவரே வெளியில பறந்துட்டா? பை பானெட் பக்கம் போகும், அம்மா டாஷ்போர்டு பக்கம் போவாங்க.

நம்ம நாட்டுல புது மாடல் கார்களுக்கு முன் பக்கத்து சீட்டு ஏர்பேக் கட்டாயமானது 2021 ஏப்ரல்ல இருந்து. ஆக, இனிமே உங்க கைக்கு செகண்ட் ஹேண்டா வரப்போற வண்டிகள்ல இந்த சமாசாரம் இருக்கத்தான் போகுது.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? கண்ணாடியைச் சுத்தி ஒரு கறுப்பு பார்டர், உள் ஓரத்துல புள்ளி புள்ளியா கோலம் மாதிரி முடிஞ்சிருக்கும். நான் ரொம்ப நாளா அதை டிசைன்னு நினைச்சுட்டு இருந்தேன். பசை மேல வெயில் படாம மறைக்கிற குடை அது. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டா பசை கெட்டுப்போகும். உங்க வண்டியில அந்தக் கறுப்பு பார்டர் சுத்திவர இருந்தா, அநேகமா அது ஒட்டின கண்ணாடி. கயித்து வித்தை பலிக்காது.

அந்தப் பசைக்குப் பேர் பாலியூரித்தேன். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். சென்னையோட கசகச வேர்வைக்கும் உலகத்துல ஒரு உபயோகம் இருக்கு பாருங்க! சிலிகான் பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனா, அந்த வலு கிடையாது. அந்த வினிகர் வாசனை அசிடிக் ஆசிட். கீறல் விழுந்த தகரத்துல அது பட்டா, துருவுக்கு சிவப்புக் கம்பளம். அதைவிடப் பெரிய ஆப்பு, சிலிகான் துளி ஒட்டியிருந்தாலும் அதுக்கு மேல பாலியூரித்தேன் பிடிக்காது. எங்க வண்டியில கண்ணாடி மாத்தின கூலியைவிட, நாங்க பூசினதைச் சுரண்டி, துருவைத் தேய்ச்சு, பிரைமர் அடிச்ச கூலிதான் ஜாஸ்தி. பாதி நாள் அதுக்கே போச்சு. நாலு பேர் மெஸ் பில் என்ன, ரெண்டு மாச பில் காலி.

அப்போ கையால எதுவுமே பண்ணக் கூடாதா? அப்படிச் சொல்லலை. அந்த முதல் ‘டிக்’ இருக்கே, அது முழுக்க உங்க ஏரியா.

விண்ட்ஷீல்டு ஒரே கண்ணாடி இல்லை. ரெண்டு மெல்லிசு கண்ணாடிக்கு நடுவுல பி.வி.பி-னு ஒரு பிளாஸ்டிக் ஷீட், முக்கால் மில்லிமீட்டர் கனத்துல, சாண்ட்விச் மாதிரி. 1903-ல எடுவார் பெனெடிக்டுஸ்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் லேப்ல கை தவறி ஒரு குடுவையைக் கீழே போட்டார். குடுவை விரிசல் விட்டுச்சு, ஆனா சிதறலை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காஞ்சு ஒரு படலமா ஒட்டியிருந்ததுதான் காரணம். 1909-ல காப்புரிமை வாங்கினார். அந்த சாண்ட்விச் டெக்னிக்தான் இன்னிக்கும் உங்க முகத்துக்கு முன்னாடி இருக்கு. கதவுக் கண்ணாடி வேற ரகம். அது உடைஞ்சா கல்கண்டு மாதிரி உதிர்ந்துடும்.

கல் பட்டா பெரும்பாலும் வெளிக் கண்ணாடி மட்டும்தான் அடிவாங்கும். உடனே வண்டியை ஓரம்கட்டுங்க. ஒரு துண்டு செலோடேப்பை அந்த நட்சத்திரத்து மேல ஒட்டிடுங்க. தூசியும் தண்ணியும் உள்ளே போகாம இருந்தா, அதை ரிப்பேர் பண்ண முடியும். அப்புறம் ஏ.சி காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீங்க. சுடச்சுட இருக்கிற கண்ணாடி மேல பச்சைத் தண்ணியை ஊத்திக் கழுவாதீங்க. எல்லா ஜன்னலையும் மூடிக்கிட்டு கதவை ‘டமால்’னு சாத்தாதீங்க. உள்ளே அடைபடுற காத்தே விரிசலைத் தள்ளிவிடும்.

அந்த நட்சத்திரத்துக்குள்ள ரெசின்னு ஒரு திரவத்தை ஏத்தி, புற ஊதா விளக்குலயோ வெயில்லயோ காயவைக்கிற கிட் கடைகள்ல கிடைக்குது. சின்ன நாணய அளவுக்குள்ள இருக்கு, ஓரத்துல இல்லை, உள் கண்ணாடி உடையலைன்னா தாராளமா நீங்களே செஞ்சு பாருங்க. தழும்பு லேசா தெரியும், ஆனா ஓடாது. அதனாலயே டிரைவர் கண்ணுக்கு நேரா இருக்கிற இடத்துல மட்டும் வேண்டாம். ராத்திரி எதிர் வண்டி லைட் அந்தத் தழும்புல பட்டு ஜெர்க் ஆக்கும்.

கோடு ஓடி ஓரத்தைத் தொட்டுடுச்சா? கடைக்குப் போங்க. ஆனா, சாவியைக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போகாதீங்க!

கடைகள்லயும் எல்லாரும் நம்ம அண்ணன் மாதிரி இல்லை. ‘அரை மணி நேரத்துல எடுத்துட்டுப் போலாம் சார்’னு அவசரக்கல்யாணம் பண்ணுறவங்களும் உண்டு. பக்கத்துல நின்னு பாருங்க. புதுக் கண்ணாடி மூலையில ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ். 2553-ங்கிற எண்ணும் இருக்கானு பாருங்க. வாகனக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் அது. கண்ணாடியை வெட்டி எடுத்தப்புறம் பழைய பசையை முழுசா வழிச்சு எடுக்க மாட்டாங்க. ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் விட்டுட்டு அதுமேலதான் புதுப் பசை போடணும். அதான் சரி, ‘ஏமாத்துறாங்க’னு சண்டைக்குப் போகாதீங்க. ஆனா, தகரத்துல கீறல் விழுந்தா அந்த இடத்துக்குப் பிரைமர் தொட்டு வைக்கிறாங்களானு பாருங்க. அதைக் கேட்டு வாங்குங்க. பசை டியூப்ல தேதி இருக்கும். காலாவதி ஆனதா இருந்தா, வெட்கப்படாம சொல்லுங்க. ஒட்டுற ஓரத்தை வெறும் கையால தடவிப் பார்க்கிறாங்களா? அந்த விரல் எண்ணெயே போதும், பசை பிடிக்காமப் போக.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. “அண்ணே, இந்தப் பசைக்கு எத்தனை மணி நேரம் கழிச்சு வண்டியை எடுக்கலாம்?” ஒரு மணி நேரத்துல தயாராகிற ரகமும் இருக்கு, கிட்டத்தட்ட ஒரு நாள் கேட்கிற ரகமும் இருக்கு. டியூப்லயே போட்டிருப்பாங்க. பதில் வராம மழுப்பினா, நீங்களே டியூபை வாங்கிப் படிங்க. அந்த நேரம் வரைக்கும் வண்டி அங்கேயே நிக்கட்டும். வீட்டுக்கு வந்தப்புறமும் முதல் நாள் ஒரு ஜன்னலை லேசா இறக்கி வைங்க, கதவு சாத்துற காத்து கண்ணாடியைத் தள்ளாம இருக்கும். ரியர்வியூ மிர்ரருக்குப் பின்னாடி கேமரா இருக்கிற லேட்டஸ்ட் கார்னா, கண்ணாடி மாத்தினதும் கேமராவை மறுபடி அளவு சரிபார்த்து செட் பண்ணணும். அந்த வசதி இல்லாத கடைக்குப் போகவே போகாதீங்க.

இப்போ, கூட்டத்துல எல்லாரும் தள்ளிப்போட்ட அந்த மேட்டர். அப்பா.

அவர்கிட்ட மறைச்சா நஷ்டம் யாருக்குத் தெரியுமா? அவருக்குத்தான்! முழு இன்ஷூரன்ஸ் இருக்கிற கார்னா, முன் கண்ணாடிக்கு க்ளெய்ம் உண்டு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம்னு பாதியைக் கழிப்பாங்க. கண்ணாடிக்கு அந்தக் கழிவே கிடையாது. 1,500 சிசி-க்குள்ள இருக்கிற கார்னா, கட்டாயப் பிடித்தமா 1,000 ரூபாய் நம்ம பங்கு, அதுக்கு மேல 2,000. ஆனா, கண்ணாடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கம்பெனிக்குச் சொல்லணும். உடைஞ்ச நிலையில அவங்க பார்க்கணும். நீங்களே மாத்திட்டு அப்புறம் போய் நின்னா, ‘எந்தக் கண்ணாடி சார்?’னு கேப்பாங்க. நாங்க அதையும் கோட்டை விட்டவங்கதான்.

ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கங்க. க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு பிரீமியத்துல தள்ளுபடி தருவாங்க. முதல் வருஷம் 20 சதவிகிதம்னு ஆரம்பிச்சு, அஞ்சு வருஷத்துல 50 வரைக்கும் ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டா பரமபதப் பாம்பு மாதிரி பூஜ்யத்துக்கு இறங்கிடும். தள்ளுபடிப் பாதுகாப்புனு தனியா காசு கட்டியிருந்தாத்தான் தப்பிக்கலாம். ஸோ, அப்பா அஞ்சு வருஷமா க்ளெய்மே போடாத மனுஷர், கண்ணாடி விலையும் கம்மினா, கையில இருந்து கொடுக்கிறதே லாபமா இருக்கலாம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தா, இந்தக் கணக்குக்கே வேலை இல்லை. அதுல நம்ம கண்ணாடிக்கு ஒரு பைசா வராது.

ஒண்ணு மறந்துட்டேன் பார்த்தீங்களா... ஃபாஸ்டேக்! பழைய கண்ணாடியோட அதுவும் போயிடும். உரிச்சு எடுத்தா கிழிஞ்சு செத்துப்போற மாதிரிதான் அதைச் செஞ்சிருக்காங்க. கொடுத்த பேங்க்கிட்ட சொல்லி வேற வாங்கி ஒட்டணும். இல்லைனா, பரனூர் டோல்கேட்ல கூடுதலா கட்ட வேண்டியிருக்கும். பின்னாடி நிக்கிற லாரிக்காரர் ஹாரன் இலவசம்.

சரி, போனை எடுங்க. அப்பா ‘ஹலோ’ சொன்னதும் பாலிசி பேப்பர் எங்கே இருக்குனு கேக்காதீங்க. ‘யாருக்கும் ஒண்ணும் ஆகலைப்பா’னு முதல்ல சொல்லிடுங்க. மிச்சத்தை அவர் திட்டி முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்.